விளக்கைத் திறப்பவர்கள்

சிங்கப்பூர் அடுக்குமாடி வீடுகளில் 'ஓப்பன் த லைட்' என்பது சர்வசாதாரணமான பேச்சு. பள்ளிக்கூடத்தில் அதைத் திருத்துவார்கள். வீடு திரும்பினால் பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி அதையேதான் சொல்வார். கொஞ்சம் மாண்டரின் பழகியதும் அவர் பக்கத்து நியாயம் எனக்கு விளங்கியது.

மாண்டரினில் 'காய்' என்றால் திற. கதவைத் திறக்கவும் விளக்கைப் போடவும் அதே வினைதான். கார் ஓட்டுவது, கூட்டம் நடத்துவது, பூ மலர்வது, மருத்துவர் மருந்து எழுதித் தருவது எல்லாமே 'காய்'தான். கொதித்த நீர் 'காய் ஷுவெய்'. மனம் திறந்தால் 'காய் ஷின்', அதாவது மகிழ்ச்சி. பழைய எழுத்து வடிவத்தில் இரட்டைக் கதவும், தாழ்ப்பாளும், அதை நீக்கும் இரு கைகளும் உண்டு. 1950-களில் சீனா தன் எழுத்துகளை எளிமையாக்கத் தொடங்கியதில் கதவு கழன்றுபோனது. பொருளோ எப்போதோ கதவைத் தாண்டி வந்துவிட்டிருந்தது.

அகராதியில் 'காய்' என்பதற்கு நேராக 'ஓப்பன்' என்று போட்டிருக்கும். அதில் பிழையில்லை. கதவு, புட்டி, கடை, வங்கிக் கணக்கு வரை இரண்டும் ஒன்றாகவே போகின்றன. சுடத் தொடங்குவதைக்கூட இரு மொழிகளும் 'நெருப்பைத் திறப்பது' என்றே சொல்கின்றன. இவ்வளவு தூரம் கூட வந்த சொல், விளக்கிடம் வந்ததும் கைவிடும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்? விளக்குக்கு 'டர்ன் ஆன்', காருக்கு 'டிரைவ்', கூட்டத்துக்கு 'ஹோல்ட்' என்று ஆங்கிலம் ஆளுக்கொரு வினை வைத்திருக்கிறது.

'ஓப்பன் த லைட்' என்பதைக் கேட்டு நாம் சிரிப்பதற்கில்லை. நாம் தேநீர் போடுகிறோம், சட்டை போடுகிறோம், கோலம், கையெழுத்து, சண்டை எல்லாம் போடுகிறோம். அந்தப் பழக்கத்தில் 'புட் த ஃபேன்' என்றும் சொல்லிவிடுகிறோம்.

ஆங்கிலம் பழகும் சீன நண்பர்களுக்கு 'ஓப்பன்' என்ற சொல்லின் பொருளை நான் விளக்குவதில்லை. எவற்றோடு அது சேரும் என்று பட்டியல் போடச் சொல்கிறேன். மூடியிருப்பது விலகி வழிவிட்டால் பெரும்பாலும் 'ஓப்பன்'. நின்றிருக்கும் கருவி இயங்கத் தொடங்கினால் 'டர்ன் ஆன்'. மடிக்கணினிக்கு இரண்டும் பொருந்தும்: முதலாவதில் மூடி விரியும், இரண்டாவதில் திரை ஒளிரும். மேசைக் கணினியிடம்தான் கவனம் வேண்டும். அதை 'ஓப்பன்' செய்யச் சொன்னால், லண்டன்காரர் திருப்புளியைத் தேடக்கூடும்.