பழவேற்காடு: விருந்தாளியும் வரணும், ஏரியும் வாழணும்

திருத்தணிக்காரர்களுக்கு வெளியூர்க் கூட்டம் புதிதல்ல. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வருகிறவர்களும், டிசம்பர் 31 அன்று படித் திருவிழாவுக்கு 365 படி ஏறுகிறவர்களும் நம் பூவையும் தேங்காயையும் வாங்குகிறார்கள். எவ்வளவு கூட்டம் ஏறினாலும் மலை தாங்கும். இதே திருவள்ளூர் மாவட்டத்தின் கிழக்குக் கோடியில் இருக்கும் பழவேற்காடு ஏரி அப்படித் தாங்காது. படகுச் சத்தம் கூடினால் பறவை கலையும், கட்டிய வலை கிழியும்.

திருவள்ளூர், பொன்னேரி வழியாகப் போனால் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். சிலிகாவுக்கு அடுத்து, நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. ஆரணியாறும் காளங்கியாறும் நல்ல தண்ணீர் கொண்டுவர, முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் ஏறுகிறது. இரண்டும் கலப்பதால்தான் இறால், நண்டு, மடவை எல்லாம் வளர்கின்றன. முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொண்டால் மீன்பாடு குறைந்துவிடும். பனிக்காலத்தில் ஆழமில்லாத சேற்றுநீரில் பூநாரைகள் கூட்டமாக மேயும். ஆந்திரப் பகுதி 1976-லும், தமிழகப் பகுதி 1980-லும் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன.

ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ராக்கெட் தளம் உள்ள ஸ்ரீஹரிகோட்டா தீவு. ஏரிக்குள்ளே இருக்கம், வேநாடு போன்ற சிறு தீவுகள். 1960-ல் எல்லை மாறியபோது திருத்தணி தமிழகத்துக்கு வந்தது; தமிழ் பேசும் மக்கள் வாழும் இருக்கம் தீவோ ஆந்திர எல்லைக்குள் இருக்கிறது. பறவைக்கும் மீனுக்கும் இந்த எல்லைக்கோடு தெரியாது.

ஏரியைப் பார்க்க வருகிறவர்களுக்குப் படகில் போக ஆசை. மீன்பாடு குறைந்த நாளில் மீனவருக்கும் அந்தக் காசு தேவை. இந்த இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் ஆபத்தும் இருக்கிறது. 2011 டிசம்பர் 25 அன்று இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகு படகு சவாரிக்குத் தடை வந்தது. தடை மட்டும் போதுமா? வருமானத்துக்கு வேறு வழி இல்லாவிட்டால் சவாரி திருட்டுத்தனமாக நடக்கும். அதில் லைஃப் ஜாக்கெட்டும் இருக்காது, கணக்கும் இருக்காது.

வழி ஏரிக்காரர்களிடமே இருக்கிறது. இங்கே 'பாடு' என்று ஒரு பழைய முறை உண்டு. யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று ஊரே முறை வைத்துக்கொள்ளும். நம் ஊரில் ஏரித் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சுவது போலத்தான். அரசு அனுமதியும் பாதுகாப்பும் கிடைத்து, சுற்றுலாப் படகுக்கும் இப்படி முறை வைத்தால் காசு ஒருவர் பையிலேயே சேராது. பறவை மேயும் இடத்தை விட்டு ஒதுங்கிப் போகவும் ஊர்க்கட்டுப்பாடு இருக்கும்.

இது நடக்கிற காரியம்தான். சிலிகா ஏரிக்கரையில் உள்ள மங்கலஜோடி ஒரு காலத்தில் பறவை வேட்டைக்குப் பேர் போன ஊர். 2000-ம் ஆண்டு வாக்கில் வேட்டைக்காரர்களே காவல் குழு அமைத்தார்கள். இன்று அவர்களே வழிகாட்டிகள். மோட்டார் இல்லாத படகைக் கோல் ஊன்றித் தள்ளிப் பறவை காட்டுகிறார்கள். படகு, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் ஊர்க்காரர்கள் கையில். 2018-ல் ஐ.நா.வின் உலகச் சுற்றுலா அமைப்பு அவர்களுக்கு விருது கொடுத்தது. உயிரோடு இருக்கும் பறவை, சட்டியில் வெந்த பறவையைவிட அதிகம் சம்பாதித்துக் கொடுக்கும் என்பதை அந்த ஊர் கணக்குப் போட்டே தெரிந்துகொண்டது.

நீங்கள் போவதானால் டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள், விடியற்காலையில் போங்கள். அனுமதியில்லாத படகில் ஏறாதீர்கள். கரையில் நின்றாலே பறவைகள் தெரியும். சோற்றுமூட்டையோடு போய்க் குப்பையை விட்டுவிட்டு வராமல், அங்கேயே சாப்பிடுங்கள். கருவாடும், பெண்கள் முடையும் பனையோலைக் கூடையும் வாங்குங்கள். நீங்கள் கொடுக்கும் காசு அந்த ஊரிலேயே தங்கினால்தான், ஏரியைக் காப்பாற்ற அந்த ஊருக்கும் மனம் வரும்.