நான்கு வாங்கினால் இரண்டு

இளங்கலை கணிதம், மூன்றாம் ஆண்டு

தமிழக அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தை 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கியது. அடுத்த ஆண்டு மேனிலைப் பள்ளியில் பயின்ற என் தமக்கைக்கும் ஒன்று கிடைத்தது. அதை வைத்தே அவள் பட்டப் படிப்பை முடித்தாள். மணமாகிச் சென்றபோது எனக்கு விட்டுச் சென்றாள். வயதான பொறி. பொத்தானை அழுத்திவிட்டு, முகம் கழுவி, தேநீர் அருந்திவிட்டு வந்தாலும் அது விழித்திராது. இறுதிப் பருவத்தின் திட்டக் கட்டுரையை இதில் எப்படி முடிப்பது என்று கலங்கியிருந்தேன்.

ராம் எனப்படும் நினைவகம் அதில் 2 ஜிபிதான். அதை எடுத்துவிட்டு 4 ஜிபி போட்டால் வேகம் கூடும் என்றார்கள். திண்டிவனம் பேருந்து நிலையத்தருகே அவித்த மல்லாட்டை விற்கும் என் அம்மா, முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்து எண்ணூறு ரூபாய் கொடுத்தாள். விழுப்புரத்தில் ஒரு கடையில் பழைய 4 ஜிபி துண்டு ஒன்றை வாங்கினேன். மாட்டித் தந்தவர் நம் கல்லூரியில் எனக்கு முன் படித்த அண்ணன் ஒருவர். அந்தக் கடையில் கூலிக்கு வேலை பார்க்கிறார்.

வீட்டில் வந்து திறந்து பார்த்தால், நிறுவப்பட்ட நினைவகம் 4 ஜிபி என்று காட்டிற்று. பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள், பயன்படுத்தக்கூடியது ஏறத்தாழ 2 என்றும் காட்டிற்று. பார்த்துக்கொண்டிருந்த மாமா, அம்மாவின் தம்பி, துள்ளி எழுந்தார். மல்லாட்டை மண்டியில் மூட்டை தூக்குபவர் அவர். படிக்குள் கட்டைவிரலை விட்டு அளப்பவனை அன்றாடம் பார்க்கிறவர்.

“பாத்தியாக்கா, பாதிக்குப் பாதி அடிச்சிட்டான்! காலையில முதல் வண்டிக்கு நான் போறேன். முதலாளி முன்னாடியே சட்டையப் புடிக்கிறேன்.”

மாமா சொன்னால் செய்வார். கடை வாசலில் நான்கு பேர் கூடும் இடத்தில் திருடன் என்று கத்தினால், அந்த அண்ணனின் வேலை அன்றோடு போகும். எனக்கு ஓர் இரவு கொடுங்கள் மாமா என்று கேட்டுக்கொண்டேன். அந்த இரவில் தெரிந்துகொண்டதைத்தான் நண்பர்களுக்கு இங்கே சொல்ல விரும்புகிறேன்.

நினைவகம் என்பது கோடிக்கணக்கான சிறு அறைகள். ஒவ்வோர் அறையும் ஒரு பைட். அறை இருந்தால் மட்டும் போதாது, அதற்குக் கதவிலக்கம் வேண்டும். இலக்கம் இல்லாத அறையில் எதையும் வைக்கவும் முடியாது, எடுக்கவும் முடியாது. நம் அஞ்சல் குறியீட்டை எண்ணிப் பாருங்கள். 1972ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் வந்த முறை அது. திண்டிவனம் 604001, விழுப்புரம் 605602. ஆறு இலக்கம் என்று முடிவு செய்த அன்றே, பத்து இலட்சத்திற்கு மேல் குறியீடு கிடையாது என்பதும் முடிவாகிவிட்டது. அந்தப் பத்து இலட்சமும் ஊர்களுக்கு உண்டா? இல்லை. 9இல் தொடங்கும் எண்கள் இராணுவ அஞ்சலுக்கென்று ஒதுக்கப்பட்டவை. ஊர்கள் எவ்வளவு பெருகினாலும் அவற்றில் கை வைக்க முடியாது.

கணிப்பொறியிலும் இதே கதைதான். 32 பிட் முறையில் கதவிலக்கம் எழுத 32 இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் 0 அல்லது 1. இரண்டை இரண்டால் முப்பத்திரண்டு முறை அடுக்கினால் 429 கோடியே 49 இலட்சத்து 67 ஆயிரத்து 296. அதுதான் 4 ஜிபி. அதற்கு மேல் எண்ணே இல்லை. இந்த எண்கள் முழுவதும் ராமுக்குப் போவதில்லை. திரையை இயக்கும் பகுதி, வலையிணைப்புப் பகுதி, பொறி விழிக்கும்போது முதலில் ஓடும் நிரல் ஆகியவற்றையும் செயலி கதவிலக்கம் சொல்லித்தான் அழைக்கிறது. அவற்றுக்குரிய எண்களை உச்சியிலிருந்து ஒதுக்கிவிடுவார்கள். அந்த எண்கள் போன இடத்தில் இருக்கும் ராம், இலக்கமற்ற வீடாக நின்றுவிடும். ஆகவேதான் 4 ஜிபி போட்ட 32 பிட் விண்டோஸ் பொறிகள் பல, மூன்று அல்லது மூன்றரை என்று காட்டுகின்றன.

இது பழைய வழக்கமே. 1981இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட பிசியின் செயலிக்கு 20 இடம் கொண்ட முகவரி. ஆக மொத்தம் 1 எம்பி. அதில் நிரல்களுக்கு 640 கேபி, எஞ்சிய 384 கேபி திரை முதலிய கருவிகளுக்கு என்று அன்றே வரப்பு வெட்டிவிட்டார்கள்.

நிற்க. எங்கள் பொறி மூன்றரை என்று காட்டவில்லையே, இரண்டு என்றல்லவா காட்டிற்று? இங்கேதான் கணக்கு முடிந்து வாணிகம் தொடங்குகிறது. தமக்கையின் மடிக்கணினியில் இருந்தது விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். அப்பதிப்பு 2 ஜிபிக்கு மேல் தொடாது என்பது அதை உருவாக்கியவர்களே வைத்த வரம்பு. 64 பிட் வகையில் ஹோம் பேசிக் என்றால் 8 ஜிபி, ஹோம் பிரீமியம் என்றால் 16, புரொபஷனல் என்றால் 192. விலைக்கேற்ற வேலி. மலிவான பயணச்சீட்டுக்கு முன்பதிவுப் பெட்டி கிடையாது என்பது போன்றது. பெட்டி காலியாக ஓடினாலும் கிடையாது.

செயலியின் இயலாமை என்றும் சொல்வதற்கில்லை. 1995இல் வந்த பென்டியம் புரோ, 32 பிட் செயலியாக இருந்தும், முகவரியை 36 பிட்டாக நீட்டி 64 ஜிபி வரை எட்டியது. எனினும், கருவிகளை இயக்கும் பழைய நிரல்கள் அந்த நீண்ட முகவரியைக் கண்டு தடுமாறின என்பதால், வீட்டுக்கான 32 பிட் விண்டோஸை 4 ஜிபிக்குள்ளேயே நிறுத்திவிட்டார்கள். இந்தக் காரணம் எனக்கு நியாயமாகப் படுகிறது. ஸ்டார்ட்டரின் இரண்டு ஜிபிக்கு இத்தகைய நியாயம் எதுவும் எனக்குத் தென்படவில்லை.

விடியற்காலையில் மாமா சட்டை மாட்டிக்கொண்டு நின்றார். எங்கள் வகுப்பு நண்பன் ஒருவன் கொடுத்திருந்த பென்டிரைவில் 64 பிட் லினக்ஸ் இருந்தது. செயலி 64 பிட் வகை என்பதை முன்பே பார்த்து வைத்திருந்தேன். அதைச் செருகிப் பொறியை விழிக்க வைத்தேன். அதே துண்டு, அதே பொறி, 3.7 என்று காட்டிற்று.

“மிச்சம்?” என்றார் மாமா விடாமல்.

திரைக்குத் தனி நினைவகம் இல்லாத பொறி இது, அதற்காக ராமிலிருந்தே கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது என்றேன். மூட்டைக்குச் சாக்கு எடை கழிப்பது மாதிரி என்று அவராகவே சொல்லிக்கொண்டு சட்டையைக் கழற்றினார். அம்மா மட்டும் சமாதானமாகவில்லை. “துண்டு நல்லதுதான், சரி. போட்டாலும் பாதிதான் வேலை செய்யும்னு காசு வாங்குறதுக்கு முன்னாடி சொல்லணுமில்ல?” என்று கேட்டாள். அன்று கல்லூரி முடிந்ததும் அக்கேள்வியை அண்ணனிடம் அப்படியே சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, இனி பழைய மடிக்கணினி கொண்டு வருபவர்களிடம் என்ன பதிப்பு என்று பார்த்துவிட்டே துண்டை எடுப்பேன் என்றார்.

இப்போது லினக்ஸில்தான் திட்டக் கட்டுரையைத் தட்டச்சு செய்கிறேன். இத்தகைய பழைய பொறி வைத்திருக்கும் நண்பர்கள் காசு செலவழிக்கும் முன், விண்டோஸில் ‘கம்ப்யூட்டர்’ என்ற படத்தின் மேல் வலப் பொத்தானை அழுத்தி ‘பிராப்பர்ட்டீஸ்’ பாருங்கள். எந்தப் பதிப்பு, 32 பிட்டா 64 பிட்டா என்பது அங்கேயே இருக்கும். 32 என்றிருந்தாலும் செயலி 64 பிட்டாக இருக்கக்கூடும். செயலியின் பெயரும் அதே பக்கத்தில் உண்டு.