"வீட்டுல சும்மாத்தான் இருந்தேன்!"

பேட்டிக்குப் போகிற சகோதரிகளுக்கு உதவுமே என்றுதான் என் அனுபவத்தை எழுதுகிறேன். நான் 1998-ல் பிளஸ் டூ முடித்தவள். அடுத்த வருஷமே கல்யாணம். பிறகு அடுப்படிதான் எனக்கு ஆபீஸ். 2022-ல் என் கணவருக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆகி, இனி லாரி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெண்ணோ காலேஜில் முதல் வருஷம். நான்தான் ஏதாவது செய்தாக வேண்டும்.

முதல் பேட்டி ஒரு ஜவுளிக் கடையில். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. காலையில் வெறும் வயிற்றில் இரண்டு காபி. பஸ்ஸைத் தவறவிட்டு, வேர்க்க விறுவிறுக்கப் போய் நின்றேன். "இத்தனை வருஷமா என்னம்மா செஞ்சீங்க?" என்று மேனேஜர் கேட்டார். "வீட்டுல சும்மாத்தான் இருந்தேன் சார்" என்றேன். சர்டிபிகேட்டைத் திருப்பி நீட்டிவிட்டார். வேறென்ன செய்வார், பாவம்!

வீட்டுக்கு வந்து அழுதேன். "சும்மாவா இருந்தே? உன் கணக்கு நோட்டை எடும்மா" என்றாள் பெண். பால், மளிகை, கேஸ், சீட்டுப் பணம் என்று கல்யாணமான நாளிலிருந்து தேதி போட்டு எழுதி வருகிறேன். அன்றிலிருந்து தினமும் பாத்திரம் கழுவி முடித்ததும் அவள் கேள்வி கேட்பாள். நான் வாய்விட்டுப் பதில் சொல்வேன். மனசுக்குள் சொல்லிப் பார்ப்பது வேறு, வாயால் சொல்வது வேறு. முதல் நாள் என் குரலே எனக்குக் கேட்கவில்லை. (இவர் கட்டிலில் படுத்தபடி சிரிப்பார்!)

அடுத்தது ஒரு பள்ளி விடுதியில் ஸ்டோர் ரூம் வேலை. முந்தின நாளே ஒரிஜினலும் ஜெராக்ஸும் பையில் ஏறிவிட்டன. புதுப் புடவை கட்டினால் அதையே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருப்பேன் என்று, பழகின காட்டன் புடவைக்கே இஸ்திரி போட்டேன். காலையில் மூன்று இட்லி, ஒரு டம்ளர் மோர். காபி கிடையாது. முக்கால் மணி நேரம் முன்னாலேயே போய், வராந்தாவில் உட்கார்ந்து மூச்சை மெதுவாக இழுத்து விட்டேன். கை நடுக்கம் நிற்கவில்லை, ஆனால் குறைந்தது.

அதே கேள்வி வந்தது. நோட்டை மேஜைமேல் வைத்தேன். புரட்டிப் பார்த்த அந்த அம்மாள், "40 பிள்ளைங்க, ஆளுக்கு 3 இட்லி. அரிசி எவ்வளவு?" என்றார்.

"2½ கிலோ அரிசி, அதுல கால் பங்கு உளுந்துங்க. ஆனா விடுதிப் பிள்ளைங்க மூணோட எழுந்திருக்காதுங்க, 3 கிலோவே போட்டுடலாம்" என்றேன். சிரித்துவிட்டார்.

வேலை கிடைத்தது. சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்ற கேள்விக்கு மட்டும் ஒத்திகை பார்க்காமல் போய்விட்டேன். "நீங்க பார்த்துக் குடுங்க" என்றேன். பார்த்துத்தான் கொடுத்தார்கள், கொஞ்சம் குறைத்தே! வருகிற ஜூனில் கூட்டிக் கேட்கப் போகிறேன். பெண் இப்போதே கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டாள்.