கீபோர்டு யார் கையில்?

மூன்று வருடத்துக்கு முன்பு எங்கள் படிப்பகத்துப் பையன் ஒருவன் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தான். குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வரப்போகிறவன். சேர்ந்த சில மாதங்களில் கல்லூரி ரோபோ அணிக்குப் பெயர் கொடுத்தான். போட்டி முடிந்து சான்றிதழோடு வந்தபோது காலனியே கொண்டாடியது. நாங்களும் சால்வை போட்டோம். பிறகு ஒரு மாலை, "சின்னப் பிள்ளைங்களுக்கு ரோபோவுக்கு எப்படி புரோகிராம் எழுதறதுன்னு சொல்லிக் கொடுப்பா" என்று கேட்டோம். தலையைக் குனிந்துகொண்டான்.

"எனக்குத் தெரியாதுக்கா. என்னைய வீல் மாட்ட, ஒயர் சால்டர் பண்ண, ரோபோவ தூக்கிட்டுப் போகத்தான் வெச்சாங்க. லேப்டாப்ப தொடவே விடல. 'ஒனக்கு கை வேலை நல்லா வருதுடா, அதையே பாரு'ன்னுட்டாங்க."

அந்தப் பேச்சு எங்களுக்குப் பழக்கமானதுதான். எங்கள் அப்பாக்களுக்கும் தாத்தாக்களுக்கும் வேறு வேறு வார்த்தைகளில் அதையே சொன்னார்கள். 1936-இல் அம்பேத்கர் எழுதிய 'சாதியை அழித்தொழித்தல்' நூலை எங்கள் வாசிப்பு வட்டத்தில் பலமுறை படித்திருக்கிறோம். சாதி வேலையை மட்டும் பிரிப்பதில்லை, வேலை செய்கிற மனிதர்களையே படிப்படியாக அடுக்குகிறது என்று அதில் அவர் விளக்கும் இடத்தில் எப்போதும் நிறுத்தி விவாதிப்போம். அந்த அடுக்கு ஒரு கல்லூரி ஆய்வகத்தில், ஸ்பேனருக்கும் கீபோர்டுக்கும் நடுவே வந்து நிற்கும் என்று நாங்கள் யோசித்ததே இல்லை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறோம், தோழர்களே. சால்டர் வைப்பது தாழ்ந்த வேலை என்று நாங்கள் சொல்லவில்லை. மோசமாகச் சால்டர் வைத்த ரோபோ எந்தப் புரோகிராமாலும் ஓடாது. எந்த வேலை யாருக்கு என்று பெயர் கொடுத்த அன்றே எப்படி முடிவானது என்பதுதான் எங்கள் கேள்வி.

அடுத்த விடுமுறையில் படிப்பகத்திலேயே அணி தொடங்கினோம். அரசுப் பள்ளியில் படிக்கும் ஐந்து பேர், அதில் இருவர் பெண்கள். மாவட்டத் தலைநகரில் ஒரு கல்லூரி பள்ளி மாணவர்களுக்கு நடத்தும் போட்டிதான் இலக்கு. வெள்ளைத் தரையில் ஒட்டிய கறுப்பு டேப்பைப் பிடித்துக்கொண்டு ரோபோ தானாக ஓட வேண்டும். ஒரே ஒரு விதி வைத்தோம். ஒருவர் கீபோர்டில் 15 நிமிடம், அலாரம் அடித்தால் எழுந்து அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். நன்றாக எழுதுகிறவர் என்று யாருக்கும் கூடுதல் நேரம் கிடையாது.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் போய் ஆர்டுயினோ ஊனோ குளோன் போர்டு வாங்கினோம். ஆர்டுயினோ, 2005 வாக்கில் இத்தாலியின் இவ்ரேயா நகரத்தில் மாணவர்களுக்காக உருவானது. வடிவமைப்பை யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்யலாம் என்று திறந்து வைத்துவிட்டதால்தான் சில நூறு ரூபாய்க்குக் குளோன் கிடைக்கிறது. அறிவைப் பூட்டி வைக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு எங்களிடம் உள்ள சின்ன உதாரணம்.

கணினி, அரசு கொடுத்த பழைய விலையில்லா மடிக்கணினி. ஆர்டுயினோ மென்பொருளின் புதிய 2 வரிசை அதில் ஏறவில்லை. பழைய 1.8 வரிசை ஏறியது. ஒருமுறை நிறுவிவிட்டால் இணையமே தேவையில்லை. போர்டைச் செருகினால் போர்ட் பட்டியலில் காணவில்லை. இரண்டு மாலை அதிலேயே போனது. குளோன் போர்டுகள் பலவற்றில் யுஎஸ்பி-க்கு சிஎச்340 என்ற சிப் இருக்கும், அதற்கு டிரைவர் தனியாகப் போட வேண்டியிருக்கும். இதைச் சொல்ல ஆள் இருந்தால் ஐந்து நிமிட வேலை. இல்லாதவர்கள் போர்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, நமக்கு இது வராது என்று போய்விடுகிறார்கள்.

புரோகிராமில் இரண்டு பகுதி உண்டு. செட்டப் ஒரே ஒருமுறை ஓடும். லூப் மின்சாரம் இருக்கிறவரை திரும்பத் திரும்ப ஓடும். முதல் நாள் போர்டில் இருக்கும் குட்டி விளக்கை அணைத்து எரிய விட்டோம், அவ்வளவுதான். அதற்கே ஐந்து பேரும் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுப் பாட்டி எட்டிப் பார்த்தார். தமிழ்வழிப் பிள்ளைகள் ஆங்கிலத்துக்குத்தான் முதலில் பயந்தார்கள். இஃப், எல்ஸ், ஃபார் என்று ஒரு கைக்குள் அடங்கும் சொற்களை வைத்தே இந்த ரோபோவை ஓட்டிவிடலாம். இரண்டு சாய்கோடு போட்டால் அதற்குப் பின்னால் அந்த வரியில் இருப்பதைக் கணினி கண்டுகொள்ளாது. அங்கே தமிழில் எழுதச் சொன்னோம். 'இங்க இடது பக்கம் திரும்பணும்' என்று ஒருத்தி எழுதினாள். அடுத்து உட்கார்ந்தவனுக்கு விளக்கமே தேவைப்படவில்லை.

மோட்டார் மாட்டியதும் வேறு தலைவலி. மோட்டார் சுழல ஆரம்பித்த கணமே போர்டு அணைந்து மறுபடி எரிந்தது. ஒரு மாலை முழுக்கப் புரோகிராமில் தப்புத் தேடினோம். தப்பு பேட்டரியில் இருந்தது. 9 வோல்ட் சதுர பேட்டரியால் மோட்டார் கேட்கிற கரண்டைக் கொடுக்க முடியாது, வோல்டேஜ் சரிந்துவிடும். சார்ஜ் செய்யும் 18650 செல் இரண்டை வரிசையாக வைத்ததும் சரியானது. மோட்டார் டிரைவரின் கிரவுண்டையும் போர்டின் கிரவுண்டையும் சேர்க்க மறந்து இன்னொரு நாள் போனது. இதையெல்லாம் அதிகம் கண்டுபிடித்தவன் ஒயரிங் வேலைக்குப் போகிறவரின் மகன். அப்பாவோடு போய்ப் பார்த்த வேலை அவனுக்குக் கீபோர்டில் உதவியது. கை வேலை என்று ஒதுக்கினார்களே, அது தலைக்குள்தான் இருந்தது.

சென்சாரிலிருந்து அகச்சிவப்புக் கதிர் தரைக்குப் போகிறது. வெள்ளை திருப்பி அனுப்பும், கறுப்பு விழுங்கிவிடும். அதை ஊனோ 0 முதல் 1023 வரை ஒரு எண்ணாகப் படிக்கும். எங்கள் சென்சாரில் வெள்ளைக்கு 80 பக்கம், டேப்புக்கு 700-க்கு மேல் வந்தது. 400-ஐ எல்லையாக வைத்தோம். கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு சென்சார். இடது கறுப்பைப் பார்த்தால் இடப்பக்கம் திரும்பு, வலது பார்த்தால் வலப்பக்கம். ஓடியது, ஆனால் குடித்தவர் நடக்கிற மாதிரி ஓடியது. வளைவில் வெளியே போனது. திரும்பும்போது 200 மில்லி செகண்ட் டிலே போட்டிருந்தோம். அந்த நேரம் முழுக்க ரோபோ சென்சாரையே பார்க்காது, கண்ணை மூடிக்கொண்டு ஓடுகிறது என்று பத்தாம் வகுப்புப் பெண்தான் கண்டுபிடித்தாள். டிலேயை எடுத்தோம். பிறகு இடது எண்ணிலிருந்து வலது எண்ணைக் கழித்து, வித்தியாசத்தை 0.1-ஆல் பெருக்கி, இடது மோட்டார் வேகத்தில் கழித்து வலதில் கூட்டினோம். கோட்டை விட்டுக் கொஞ்சம் விலகினால் கொஞ்சமாகத் திரும்பும், நிறைய விலகினால் நிறையத் திரும்பும். ஆட்டம் நின்றது. ஒன்பதாம் வகுப்புக் கழித்தல் பெருக்கல்தான் இது.

போட்டி அன்று முதல் சுற்றில் எங்கள் ரோபோ கோட்டைக் கண்டுகொள்ளாமல் நேராகப் போய்ச் சுவரில் முட்டியது. பக்கத்து அணியில் யாரோ சிரித்தார்கள். பெரிய ஜன்னல்கள் உள்ள அரங்கம், தரையெல்லாம் வெயில். வெயிலிலும் அகச்சிவப்பு இருக்கிறது. டேப்பின் மேல் நின்றாலும் எண் 300-ஐத் தாண்டவில்லை. படிப்பகத்து டியூப் லைட் வெளிச்சத்தில் வைத்த 400 அங்கே செல்லவில்லை. அடுத்த சுற்றுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. மென்பொருளின் எக்ஸாம்பிள்ஸ் மெனுவில் அனலாக் பிரிவில் கேலிபிரேஷன் என்று ஒன்று உண்டு. முதல் 5 செகண்டில் சென்சார் பார்க்கும் மிகக் குறைந்த எண்ணையும் மிக அதிக எண்ணையும் குறித்துக்கொள்ளும். அதை எடுத்து எங்கள் புரோகிராமில் ஒட்டினார்கள், அரங்கத்திலும் அலாரம் வைத்து, ஆள் மாறி மாறி. ஒருவன் சாப்பாட்டுப் பொட்டல அட்டையைக் கிழித்துக் கறுப்பு மார்க்கர் அடித்து சென்சாருக்குப் பாவாடை மாதிரி ஒட்டினான். ரோபோ முழுப் பாதையும் ஓடி முடித்தது. பரிசு இல்லை.

நடுவர் வந்து, "கோடு யாரு எழுதினது? உங்க சாரா?" என்று கேட்டார். ஐந்து கையும் தூக்கின. அவர் நம்பவில்லை. ஒவ்வொருவரிடமும் வெவ்வேறு வரியைக் காட்டி விளக்கச் சொன்னார். விளக்கினார்கள். மற்ற அணிகளிடம் அவர் இப்படிக் கேட்டதை நாங்கள் பார்க்கவில்லை.

இந்த வருட அணிக்கு எங்கள் பொறியியல் பையனும் வருகிறான். இறுதியாண்டு. சால்டர் சொல்லிக் கொடுக்கத்தான் வந்தான், ஒரு நாள் தயங்கித் தயங்கி, "நானும் உக்காரட்டுமா" என்றான். உட்கார்ந்தான். டேப் வளைவில் ரோபோ தடுமாறிய இடத்தைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது அலாரம் அடித்தது. அவன் காதில் விழவில்லை. பக்கத்தில் நின்ற எட்டாம் வகுப்புப் பெண் தோளைத் தட்டினாள்.

"அண்ணா, உங்க டைம் முடிஞ்சிருச்சு. எந்திரிங்க."