மிதவைக்குள் புகுந்த பெட்ரோல்

தந்தையார் விட்டுச் சென்ற பழைய அம்பாசடர் காரை இன்று காலை கிளப்ப முயன்றபோது, எஞ்சின் இரண்டு முறை இருமி ஓய்ந்ததோடு, கார்புரேட்டரின் விளிம்பிலிருந்து பெட்ரோல் சொட்டுச் சொட்டாக வழிந்து, வாசல் முழுவதும் அதன் நெடி பரவிவிட்டது. கழற்றிப் பார்த்த ஸ்பார்க் பிளக்குகள் நான்கும் கரி படிந்து நனைந்திருந்தன. பம்பு அனுப்பும் பெட்ரோல் கிண்ணத்தில் நிறைய நிறைய, மிதவை மேலெழுந்து, ஊசி வால்வை அழுத்தி, வரும் வழியை அடைத்துவிட வேண்டும் என்பதே அந்த யந்திரத்தின் தர்மம். ஊசிமுனையில் ஒரு தூசி சிக்கினாலும் அது பங்கப்பட்டுவிடும். ஊசியோ சுத்தமாகவே இருந்தது. பித்தளை மிதவையைக் காதருகே வைத்து மெல்லக் குலுக்கினேன். முற்றிய தேங்காயைக் குலுக்கினாற்போல் உள்ளே சலசலத்தது. வாளியில் கொண்டுவந்த வெந்நீரில் அமிழ்த்தியதும், ஈயப்பற்று வைத்த ஓரத்திலிருந்து குமிழிகள் முத்துமுத்தாகக் கிளம்பி, கண்ணுக்குப் புலப்படாத துவாரத்தைக் காட்டிக்கொடுத்தன. எவ்வளவு எளிய, எவ்வளவு சத்தியமான பரீட்சை! அந்தத் துவாரத்தை அடைக்க விரும்பும் நண்பர்களே, உள்ளே சிறைப்பட்ட பெட்ரோல் முழுவதும் வெளியேறி ஆவியாகும்வரை, தயவுசெய்து நெருப்பை அதன் அருகே கொண்டுசெல்லாதீர்கள்.