பழைய ராணுவத் துப்பாக்கி... விலை இரும்புக்கா, கதைக்கா?

புதுப் பெயின்ட் அடித்த பழைய பைக்கைக் கண்டால் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு முதலில் சந்தேகம்தான் வரும். ‘எதை மறைக்க அடிச்சிருக்கான்?’ என்பார்கள். அமெரிக்காவில், ராணுவம் கழித்துவிட்ட பழைய ரைஃபிள்களை வாங்கிச் சேர்ப்பவர்களும் இதே கேள்வியோடுதான் கடைக்குள் நுழைகிறார்கள்.

இந்தியாவில் இது நடக்காத காரியம். இங்கே .303 போன்ற ராணுவ ரகத் துப்பாக்கிகள், ஆயுதச் சட்டப்படி சாதாரணக் குடிமக்களுக்குத் தடை செய்யப்பட்டவை. அமெரிக்காவில் அப்படியில்லை. உலகப் போர்களைப் பார்த்த துப்பாக்கிகள் அங்கே கடைகளிலும் கண்காட்சிகளிலும் விற்பனைக்கு வருகின்றன. சுடும் போட்டிக்காக வாங்குபவர்கள் உண்டு. ‘எங்க தாத்தா போரில் தூக்கிய ரகம்’ என்பதற்காகவே வாங்குபவர்களும் உண்டு. இந்த இரண்டாவது ஆசைதான் விலையை ஏற்றுகிறது. ஏமாறுவதும் பெரும்பாலும் அங்கேதான்.

கதைக்கு எவ்வளவு?

ரஷ்யாவின் மோசின்-நாகன்ட் ரைஃபிளை எடுத்துக்கொள்வோம். 1891-ல் அறிமுகமாகி, சுமார் 3.7 கோடி தயாரிக்கப்பட்டதாகச் சொல்லப்படும் துப்பாக்கி. 2010 வாக்கில் அமெரிக்கக் கடைகளில் 100 டாலருக்கும் குறைவாகக் கிடைத்தது. இன்று அதற்கே சில நூறு டாலர் கேட்கிறார்கள். இடையில் இரும்பின் தரம் கூடிவிடவில்லை, வரத்துதான் குறைந்துவிட்டது. அதனால் அனுபவசாலிகள், கடைக்காரர் எழுதி ஒட்டிய விலையைப் பார்ப்பதில்லை. அதே ரகம், அதே நிலையில், சமீபத்திய ஏலங்களில் உண்மையில் என்ன விலைக்குப் போனது என்றுதான் பார்க்கிறார்கள்.

அடுத்து எண்கள். துப்பாக்கியின் உடலிலும் போல்ட்டிலும் ஒரே எண் இருந்தால், தொழிற்சாலையிலிருந்து ஒன்றாக வந்தவை என்று அர்த்தம், விலையும் கூடும். ஆனால், சோவியத் ஆயுதக் கிடங்குகளில் பழுதுபார்த்தபோது, வேறு துப்பாக்கியின் போல்ட்டை மாட்டி, பழைய எண்ணை அழித்துப் புது எண் பொறித்ததும் உண்டு. எண் பொருந்துகிறதா என்பதோடு, எழுத்தின் வடிவமும் ஆழமும் பொருந்துகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

‘ஸ்னைப்பர் ரைஃபிள்’ என்றால் விலை பல மடங்கு. சாதாரணத் துப்பாக்கியில் துளை போட்டுத் தொலைநோக்கியை மாட்டி விற்பவர்கள் இருப்பது அதனால்தான். ‘காசு துப்பாக்கிக்குத்தான், கதைக்கு இல்லை’ என்பது அங்குள்ள சேகரிப்பாளர்களின் பால பாடம்.

பளபளப்பு வேறு, தரம் வேறு

மாட்டுச் சந்தைக்குப் போகிறவர் கொம்பில் அடித்த வண்ணத்தைப் பார்ப்பதில்லை. வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறார். இங்கே பல் என்பது குழலின் உட்புறம். அதற்குள் ஓடும் சுருள் வரிகள்தான் தோட்டாவைச் சுழற்றி நேராக அனுப்புகின்றன. அந்தக் காலத் தோட்டாக்கள் பலவற்றில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், சுட்டபின் குழலுக்குள் உப்பை விட்டுச்செல்லும். உப்பு ஈரத்தை இழுக்கும்; உடனே கழுவாவிட்டால் துரு அரிக்கும். மரக்கட்டைக்கு மெருகேற்றிவிடலாம். அரித்துப்போன வரிகளைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

அமெரிக்க ராணுவம் 1936-ல் ஏற்றுக்கொண்ட எம்-1 கேரண்ட் ரைஃபிள் சுமார் 54 லட்சம் தயாரிக்கப்பட்டது. அதைக் குடிமக்களுக்கு விற்கும் சி.எம்.பி. என்ற அமைப்பு, முன்பு ராணுவத்தின் கீழ் இருந்து 1996-ல் லாப நோக்கமற்ற நிறுவனமாக மாறியது. தோட்டா உட்காரும் இடத்தை ஒட்டிய கழுத்து, குழலின் வாய் இரண்டிலும் அளவுகோலை விட்டுத் தேய்மானத்தை அளக்கிறது. தரம் பிரிப்பதில் அந்த அளவுக்கும் பங்கு உண்டு. அளந்து சொன்ன விலைக்கும், ‘சூப்பர் கண்டிஷன்’ என்று வாயால் சொன்ன விலைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

மலிவு கண்ணைப் பறிக்கும் இடம்

தேய்ந்த குழலால் போவது காசு மட்டும்தான். வேறு சில குறைகள் உயிரோடு விளையாடும். அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு 1903 ரைஃபிள் அதற்கு உதாரணம். ஆரம்ப காலத்தில், இரும்பு எவ்வளவு சூடேறியிருக்கிறது என்பதைத் தொழிலாளர்கள் அதன் நிறத்தைக் கண்ணால் பார்த்தே கணித்தார்கள். நல்ல வெயில் நாளில் கண் ஏமாந்தது. இரும்பு அளவுக்கு மேல் சூடாகி, ஆறியபின் எளிதில் நொறுங்குவதாகிவிட்டது. அவற்றில் சில, சுடும்போதே முகத்தருகே உடைந்து சிதறின. ஸ்பிரிங்ஃபீல்டு ஆலையில் செய்தவற்றில் வரிசை எண் 8,00,000-க்குக் கீழே இருந்தால் சுடவே கூடாது என்பது இன்றைய எச்சரிக்கை. சுவரில் மாட்டி அழகு பார்க்கலாம்.

போல்ட்டை மூடியபின் தோட்டாவுக்கும் அதற்கும் நடுவே இருக்கும் இடைவெளி கூடினாலும் ஆபத்துதான். அதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. துப்பாக்கி மெக்கானிக்கிடம் அளவுக்கட்டை போட்டுப் பார்க்கக் கொடுக்க வேண்டும். அந்தக் கூலியை மிச்சம்பிடிக்க நினைப்பது, பிரேக் பார்க்காமல் பழைய காரில் குடும்பத்தோடு மலையேறுவது மாதிரி.

நம்ம ஊர் துப்பாக்கி

இந்தச் சந்தையில் மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் தொழிற்சாலைத் துப்பாக்கிகளும் உண்டு. 1962 சீனப் போருக்குப் பிறகு அங்கே உருவான 7.62 மி.மீ. ரைஃபிளை, பழைய .303-ஐக் கடைந்து மாற்றியது என்று பலர் தவறாக நினைக்கிறார்கள். உண்மையில், அதிக அழுத்தத்தைத் தாங்கும் வலுவான எஃகில் புதிதாகச் செய்யப்பட்டது அது. விவரம் தெரிந்தவர் தயங்காமல் வாங்குவார்.

விவரம் தெரியாதவர் தடுக்கி விழும் இடமும் பக்கத்திலேயே இருக்கிறது. என்.சி.சி-யில் இருந்தவர்களுக்கு ‘டி.பி. ரைஃபிள்’ ஞாபகம் இருக்கும். அணிவகுப்புப் பயிற்சிக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டது, சுடுவதற்கு அல்ல. அந்த முத்திரையோடு .303-கள் அமெரிக்காவுக்கும் போயிருக்கின்றன. இரும்பில் பொறித்த இரண்டே எழுத்துகள்தான். படிக்கத் தெரிந்தவர் திருப்பி வைத்துவிட்டுப் போவார். தெரியாதவர், மலிவாகக் கிடைத்ததென்று சந்தோஷமாகத் தோளில் மாட்டிக்கொண்டு போவார்.