அம்பாசிடருக்குப் புது பம்ப்

ஆனி 3, நன்னிலம்

அப்பாவின் மார்க்-4 அம்பாசிடரிலிருந்து பழைய 1489 சிசி எஞ்சினை இறக்கியாயிற்று. ஏறப்போவது இசூசு 1.8 லிட்டர் எம்.பி.எஃப்.ஐ. அம்பாசிடரிலேயே கம்பெனி போட்டு விற்ற எஞ்சின் அது. ஆனாலும் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி பதிவு அதிகாரியின் முன் அனுமதி வேண்டும். திருவாரூர் ஆர்டிஓ ஆபீஸில் மனு கொடுத்திருக்கிறேன்.

யோசிக்க வைப்பது பெட்ரோல் பம்ப். பழைய எஞ்சினின் பக்கவாட்டில் ஏசி பம்ப் என்கிற மெக்கானிக்கல் பம்ப் இருந்தது. கேம்ஷாஃப்ட் தட்டத் தட்ட டயஃப்ரம் ஏறி இறங்கும். எஞ்சின் நின்றால் பம்பும் நின்றுவிடும். கார்புரேட்டருக்குக் கால் பார் அழுத்தமே தாராளம். புது எஞ்சினின் இன்ஜெக்டருக்கு 3 பார் வேண்டும், அதற்கு எலெக்ட்ரிக் பம்ப். எஞ்சின் நின்றது அதற்குத் தானாகத் தெரியாது. யாராவது சொல்ல வேண்டும்.

ஆனி 5

மெக்கானிக் அண்ணன் சுலபமாகச் சொன்னார்: "சாவியப் போட்டா பம்ப் ஓடணும், ஆஃப் பண்ணா நிக்கணும். ஒரு ரிலே போதும் தம்பி." வண்டி ஓடும், சந்தேகமில்லை. ஆனால் எங்கள் பக்கத்து ரோடுகளை நினைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் வயல், நடுவில் ஒரு லாரிக்குத்தான் இடம். வண்டி வாய்க்காலில் சாய்ந்து, ஓட்டுபவர் நினைவிழந்து, சாவி ஆனிலேயே கிடந்தால்? எஞ்சின் நின்றிருக்கும். பம்ப் மட்டும் அறுந்த ஹோஸ் வழியாகச் சூடான எஞ்சின் மேல் பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். அண்ணனிடம் இதைத்தான் சொன்னேன். ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, "அது வேணாம்" என்றார்.

ஆனி 8

ஆயில் பிரஷர் ஸ்விட்ச் வழியாக ஓட்டலாம் என்றார் எலக்ட்ரீஷியன். ஆயில் அழுத்தம் இருந்தால்தான் பம்புக்குக் கரண்ட். கெட்டிக்கார ஏற்பாடு, எஞ்சினைக் காப்பாற்றவும் செய்யும். ஆனால் ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் ஆயில் அழுத்தம் இருக்காதே? அதற்கு ஸ்டார்ட்டரிலிருந்து இன்னொரு ஒயர் இழுக்க வேண்டும். நடுவழியில் நின்றால் எந்த வழியில் பழுது என்று தேடுவது பெரும்பாடு.

கடைசியில் புது எஞ்சினின் கணினியான ஈ.சி.யூ.விடமே விட்டோம். சாவி போட்டதும் அது இரண்டு மூன்று விநாடி பம்பை ஓட்டி லைனை நிரப்பும். எஞ்சின் சுழல்கிற சிக்னல் வராவிட்டால் ரிலேயை அணைத்து பம்பை நிறுத்திவிடும். கூடவே ஒரு இனர்ஷியா ஸ்விட்ச்: காந்தத்தில் ஒட்டி நிற்கும் ஓர் இரும்புக் குண்டு, பலமாக மோதினால் கழன்று சர்க்யூட்டை அறுக்கும். மேலே உள்ள பொத்தானை அமுக்கினால் பழையபடி சேரும்.

ஆனி 11

ரிலேயை முன்பக்கம் கீழே வைக்கலாம் என்றார்கள். கூடாது என்றேன். ஐப்பசி, கார்த்திகையில் தெருவில் தண்ணீர் நிற்கிற ஊர் இது. டாஷ்போர்டுக்கு அடியில் உயரமாக, கனெக்டர் வாய் கீழ் நோக்கி மாட்டினோம். பேட்டரி பக்கத்தில் 15 ஆம்பியர் ஃபியூஸ். இனர்ஷியா ஸ்விட்சை ஆடாத இரும்புத் தகட்டில் முடுக்கி, ரிலே காயிலுக்குப் போகும் ஒயரில் சேர்த்தோம்.

இன்று சாவியைத் திருப்பினேன். டிக்கியிலிருந்து "ம்ம்ம்" என்று ஒரு முனகல், நின்றது. ஸ்டார்ட்டர் அடித்ததும் மறுபடி ஓடி, எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஓடும்போதே ஸ்விட்சைக் கழற்றித் தரையில் ஓங்கித் தட்டச் சொன்னேன். எஞ்சின் அணைந்தது. அண்ணன் பொத்தானை அமுக்கி, தானே இன்னொரு முறை தட்டிப் பார்த்தார்.

டேங்குக்குத் திரும்பும் லைன் இப்போதைக்குத் தற்காலிக ஹோஸ்தான். அதற்கு நிரந்தரப் பைப்பும் கிளாம்புகளும் வாங்க நாளை கும்பகோணம் போக வேண்டும்.